மரக்கலமும் உல்லாசக்கலமும்

திருப்பூரில் அலையோசை கேட்பதில்லை. அங்கு இரவும் பகலும் கேட்பது பின்னல் எந்திரங்களின் ஓசையே. நொய்யல் ஆறு அவ்வூரின் நடுவே சென்றாலும் அதில் கலம் ஓடுவதில்லை. ஆதலின், ‘பழைய மரக்கலம் சிறந்ததா, இக்காலத்து உல்லாசப் படகு சிறந்ததா?’ என்னும் வினாவை அவ்வூர் மாணவர் ஒருவர்முன் வைத்தால், ‘இதனால் எங்களுக்கு ஆவது என்ன?’ என்று அவர் கேட்கக்கூடும். அங்ஙனம் கேட்பதில் தவறில்லை. எனினும், அவர்தம் ஊரில் பின்னப்படும் ஆடைகளுள் பல தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்து, இரும்புப் பெட்டகங்களில் அடைபட்டு, கடல் கடந்து செல்கின்றன என்பதை அவர் அறிவார். நூல் நூற்போர்க்கும் கலம் செலுத்துவோர்க்கும் உள்ள இவ்வுறவு நேற்றுத் தோன்றியதன்று. அதன் பழமையை அறிந்தால், அவ்வினா தமக்கும் உரியதே என்று அம்மாணவர் உணர்வார்.

திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யலின் வடகரையில், கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. சங்கப் பாடல்களில் கொடுமணம் எனப் பெயர் பெற்ற இவ்வூரில் 1985ஆம் ஆண்டு தொடங்கிப் பல முறை அகழாய்வுகள் நிகழ்ந்துள்ளன. மணிக்கற்களைத் தீட்டித் துளையிட்ட தொழிற்கூடங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அங்கே வெளிப்பட்டன. மேலைக்கடற்கரையில் முசிறியும் கீழைக்கடற்கரையில் புகாரும் பெருந்துறைகளாய் விளங்கிய காலத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக அவ்விரண்டையும் இணைத்த பெருவழியில் கொடுமணல் ஒரு நிலையமாய் இருந்தது. வண்டியிலும் பொதிமாட்டிலும் ஏறிச் சென்ற பொருள்கள் துறையை அடைந்தபின் மரக்கலத்தில் ஏறின. இன்று பின்னலாடை செல்லும் அயல்நாட்டு வாணிகத்திற்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே நொய்யற்கரை வழி கண்டிருந்தது.

செங்கடலின் கரையில், எகிப்து நாட்டில், பெரெனிகே என்னும் பழந்துறை ஒன்றுண்டு. அங்கு அகழ்ந்த அறிஞர், இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகைக் கண்டனர். கட்டடங்களில் மறுமுறை பயன்படுத்தப்பட்ட தேக்கு மரங்களைக் கண்டனர். கிழிந்த பாய்த்துணிகளையும் கண்டனர். அப்பாய்த்துணிகளுள் சில பருத்தியால் ஆனவை. எகிப்தியர் நூலை ஒரு திசையில் முறுக்குவர்; இந்தியர் அதற்கு எதிர்த்திசையில் முறுக்குவர். நூலின் முறுக்கைக் கொண்டே அத்துணி இந்தியாவில் நெய்யப்பட்டது என அறிஞர் முடிவு செய்தனர். எழுத்தொன்றும் இல்லாத கந்தல் துணி, தன்னை நூற்ற கையின் பழக்கத்தை ஈராயிரம் ஆண்டுகள் மறைக்காமல் காத்துவைத்திருந்தது. நூற்பாலைகளும் முறுக்காலைகளும் நிறைந்த வட்டாரத்து மாணவர்க்கு இச்செய்தியின் அருமை எளிதில் விளங்கும். கலம் ஓடியது காற்றினால். காற்றைப் பிடித்தது நெசவாளர் நெய்த துணி.

இனி, வினாவிற்கு வருவோர் முதலில் இருவகைக் கலங்களின் இயல்பையும் அறிதல் வேண்டும். தமிழகக் கரையில் வழங்கிய மரக்கலங்களுள் மிக எளியது கட்டுமரம். இலேசான மரத்துண்டுகள் சிலவற்றைச் செதுக்கி, அருகருகே அடுக்கி, கயிற்றால் கட்டினால் அது கலமாகிவிடும். அலை அதன்மேல் ஏறினாலும் மரங்களுக்கு இடையேயுள்ள சந்துகளின் வழியே நீர் இறங்கிவிடும். ஆதலின் நீர் நிறைந்து மூழ்குதல் என்பது அதற்கு இல்லை. தொழில் முடிந்து கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர வைப்பர். துறைமுகம் அமையாத, அலை ஓயாமல் அறையும் சோழமண்டலக் கரைக்கு இதனினும் பொருத்தமான கலம் வேறொன்று இருந்திருக்க இயலாது. சென்னையில் துறைமுகம் அமைவதற்குமுன் கப்பலிலிருந்து மக்களையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகும் அத்தகையதே. பலகைகளைக் கயிற்றால் தைத்து அமைத்த அப்படகு, அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தது.

இவற்றினும் பெரியது தூத்துக்குடித் தோணி. நூற்றுக்கணக்கான டன் சரக்கை ஏற்றும் அம்மரக்கலத்தை ஓடாவி எனப்படும் மரக்கலத் தச்சர் கரையிலேயே கட்டினர். ஏரா எனப்படும் அடிமரத்தை முதலில் நாட்டி, அதிலிருந்து விலாக்கால்களை எழுப்பி, பலகை பொருத்தி, இணைப்புகளில் திரியைத் திணித்து நீர் புகாமல் அடைப்பர். வரைபடம் அவர்கள் கையில் இல்லை. கண்ணிலும் கைப்பழக்கத்திலும் இருந்தது. கலத்தின் தலைவர் தண்டல் எனப்பட்டார். அவர் விண்மீனையும் நீரின் நிறத்தையும் காற்றின் போக்கையும் கண்டு கொழும்புக்கு வழி அறிந்தார். 1980களில் தோணிகளுக்கு எந்திரம் பொருத்தப்பட்டது. அக்காலத்திலேயே இலங்கையில் மூண்ட உள்நாட்டுப் போரினால் கொழும்பு வாணிகம் குன்ற, தோணிகள் மாலத்தீவை நோக்கித் திரும்பின. பாயே முதன்மையாக ஓடிய தோணியின் காலம் அத்துடன் முடிந்தது.

மற்றொரு வகை, இக்காலத்து உல்லாசப் படகு. 1960கள் முதல் மேலை நாடுகளில் இது தொழிற்சாலைப் பொருளாயிற்று. ஓர் அச்சு செய்துகொண்டு, அதனுள் கண்ணாடியிழையைப் பரப்பி, பிசின் பூசி, இறுகியபின் எடுத்தால் படகின் உடல் தயார். ஓர் அச்சிலிருந்து நூறு படகுகள் ஒரே வடிவில் வெளிவரும். பின்னல் எந்திரம் ஒரே அளவில் ஆயிரம் பனியன்களைத் தருவதை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அப்படகினுள் மெத்தையிட்ட அறை உண்டு, அடுக்களை உண்டு, குளிர்பதனப் பெட்டி உண்டு, குளியலறையும் உண்டு. செயற்கைக்கோள் வழிகாட்டும், தானியங்கிக் கருவி சுக்கானைப் பிடிக்கும், பொத்தானை அழுத்தினால் பாய் விரியும். இருவுடல் கொண்ட பெரிய உல்லாசப் படகுகளை உலகோர் ‘கேட்டமரான்’ என்பர். அப்பெயர் தமிழர் கட்டுமரம் தந்தது. 1697ஆம் ஆண்டு வெளியான தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி அச்சொல்லை எழுதினார். இருவுடல் வடிவம் பசிபிக் தீவினரின் கலங்களுக்கு உறவுடையது. பெயர் மட்டும் தமிழ்க் கரையிலிருந்து சென்று, மாளிகை போன்ற படகின்மேல் அமர்ந்துகொண்டது.

மரக்கலத்தின்மேல் பற்றுடையோர், ‘பழையதே சிறந்தது, புதியது மனிதரைச் சோம்பேறியாக்குகிறது’ என்பர். இக்கூற்றை அப்படியே ஏற்றல் பொருந்தாது. மரக்கலத்தில் சென்றவர் உல்லாசத்திற்காகச் செல்லவில்லை, வயிற்றுக்காகச் சென்றனர். கட்டுமரத்தில் அமர்ந்தவர் தொழில் முடியுமளவும் உப்புநீரில் நனைந்திருந்தார். கருக்கலில் சென்றவர் திரும்பாமற் போன வீடுகள் கடற்கரையூர்களில் பல. மரத்தைக் கடற்புழு அரிக்கும். வெயில் வெடிக்கச் செய்யும். ஆண்டுதோறும் பழுது பார்க்க வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஆழிப்பேரலை தமிழகக் கரையை அழித்தபின், அரசும் அறநிலையங்களும் மீனவர்க்குக் கண்ணாடியிழைப் படகுகளை வழங்கின. முன்பே குறைந்துவந்த கட்டுமரம் அதன்பின் மிகவும் அருகியது. நனையாமல் தொழில் செய்யவும், புயற்செய்தி கேட்டவுடன் எந்திரத்தை முடுக்கி விரைந்து கரை சேரவும் ஒருவர்க்கு வாய்ப்புக் கிடைக்குமாயின், அதனை வேண்டாவென மறுக்கும் உரிமை கரையில் நின்று அழகு பார்ப்பவர்க்கு இல்லை.

இனி, புதியதன்மேல் பற்றுடையோர், ‘மரக்கலத்தின் காலம் முடிந்தது, அதைப் பற்றி எண்ணுவதே வீண்’ என்பர். இதுவும் ஆராயத்தக்கது. வசதி மிகுந்த கலத்தில் ஏறினாலும் கடல் வசதியாகிவிடுவதில்லை. இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் பாய்க்கலம் கண்ணாடியிழையைக் கொண்டு இக்கால முறையில் கட்டப்பட்டது. 56 அடி நீளமுடையது. அதில் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்ட தில்னா, ரூபா என்னும் பெண் அதிகாரிகள் இருவர், உலகைச் சுற்றி 2025ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் திரும்பினர். அவர்களுள் ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர். ஏறத்தாழ 25,000 கடல்மைலுக்கு மேற்பட்ட அவ்வழியில் காற்றே அவர்களைச் செலுத்தியது. செயற்கைக்கோள் கருவியும் வானிலைச் செய்தியும் அவர்களிடம் இருந்தன. ஆனால், தென்கடலின் பேரலைகளுக்கு இடையே பாயைச் சுருக்க வேண்டிய நேரத்தை அறிந்தது அவர்கள் பெற்ற பல்லாண்டுப் பயிற்சியே. கருவி துணை நின்றது. அறிவு கலத்தைக் காத்தது. அவ்வறிவு மரக்கலத்தில் சென்றவர் வழிவழியாக ஈட்டிய அறிவின் தொடர்ச்சியே அன்றோ?

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். வசதி குற்றமன்று. வசதியைப் பெறுவதற்கு அறிவை விலையாகக் கொடுத்துவிடுதலே குற்றம். தோணியின் பலகை உடைந்தால் ஓடாவி அதனைக் கழற்றி வேறு பலகை பொருத்துவார். கட்டுமரத்தின் கயிறு அறுந்தால் மீனவர் தாமே கட்டிக்கொள்வார். கலத்தைச் செய்யவும் திருத்தவும் செலுத்தவும் வல்லவர் ஒரே கரையில் வாழ்ந்தனர். தொழிற்சாலைப் படகை வாங்கியவர்க்கோ அதன் உள்ளமைப்புத் தெரியாது. பொத்தானை அழுத்தியும் பாய் விரியாவிடின், பல நூறு கல் தொலைவிலிருந்து பழுது பார்ப்பவர் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். எல்லாம் தாமே நிகழும் கலத்தில், தலைவரும் பயணியாகிவிடுகிறார்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. மரக்கலம் மூப்படைந்தால் விறகாகும், எஞ்சியது மண்ணாகும். கண்ணாடியிழைப் படகு மட்காது. உருக்கி மீண்டும் வார்க்கவும் எளிதில் இயலாது. வாழ்நாள் முடிந்த அத்தகைய படகுகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று மேலை நாடுகளின் துறைமுகங்கள் திகைக்கின்றன. வாங்கும்போது கொடுத்த விலையில் இச்செலவு சேரவில்லை. விலையில் சேராத செலவு எங்கே சென்று சேரும் என்பதைத் திருப்பூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஏற்றுமதி பெருகிய ஆண்டுகளில் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. உழவர் நிலமும் கிணறும் கெட்டன. 2011ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறையை ஏற்ற பின்னரே ஆலைகள் இயங்க இயன்றது. மலிவும் விரைவும் கண்ட ஊர், அவற்றின் மறைவான கணக்கையும் கண்டது. எப்புதுமையை ஏற்பினும் அதன் முடிவு யாதாகும் என்று தொடக்கத்திலேயே கேட்கவேண்டும் என்பது நொய்யல் தரும் பாடம்.

அறிவை இழந்தபின் அதனை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உள்ளது. பழங்கால இந்தியர் பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்துப் பெருங்கலங்கள் அமைத்தனர். அத்தகைய கலம் ஒன்றை மீண்டும் கட்டக் கடற்படையினர் விரும்பினர். வரைபடம் ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. அசந்தாக் குகையில் ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியமே அவர்களுக்குக் கிடைத்த வழிகாட்டி. ஓவியத்தில் கண்ட வடிவம் கடலில் நிற்குமா என்பதை ஆராயச் சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறை துணைபுரிந்தது. பலகை தைக்கும் கலை கேரளத் தச்சர் சிலர் கையில் எஞ்சியிருந்தது. பாபு சங்கரன் என்னும் தச்சர் தலைமையில் அவர்கள் வந்து கலத்தைத் தைத்தனர். ‘கௌண்டின்யா’ எனப் பெயர் பெற்ற அக்கலம் 2025ஆம் ஆண்டு மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் போர்பந்தரிலிருந்து புறப்பட்டு, எந்திரம் இன்றி, அரபிக்கடலைக் கடந்து மஸ்கட்டை அடைந்தது.

இச்செயலைப் புகழ்வதோடு மாணவர் நின்றுவிடலாகாது. தைத்த கலம் வழக்கில் இருந்த காலத்தில் அதன் அளவையும் முறையையும் யாரேனும் எழுதிவைத்திருப்பின், அறிஞர் ஓவியத்தின்முன் நின்று கோடுகளை எண்ண வேண்டியிருக்குமா? அந்தச் சில தச்சரும் தம் கலையைக் கைவிட்டிருப்பின், ஓவியம் இருந்தும் பயன் என்ன? கைகளில் வாழும் அறிவு, கடைசிக் கை ஓயும்போது மறைந்துவிடுகிறது. அது மறையும் நாளில் எவரும் பறை அறைவதில்லை. பின்னர் வேண்டியபோதுதான் இல்லாமை தெரியும்.

இந்நிலை கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. திருப்பூர் வட்டாரத்தில் 1920களில் கதர் நெசவு சிறந்திருந்தது. அக்காலத்திலேயே கையால் இயக்கும் பின்னல் எந்திரமும் அங்கு வந்தது. பின் விசைத்தறி வந்தது. கணிப்பொறி இயக்கும் பின்னல் எந்திரமும் வந்தது. அவ்வூர் அவற்றை வெறுத்திருப்பின் இத்துணை மக்களுக்கு வாழ்வு தந்திராது. ஆனால், எந்திரத்தை வாங்கியதனால் மட்டும் அவ்வூர் உயரவில்லை. நூலின் தரத்தைத் தொட்டறியும் விரலும், துணியின் குறையைக் கண்டறியும் கண்ணும், நின்ற எந்திரத்தை ஓடவைக்கும் கையும் அங்கு இருந்தமையால் உயர்ந்தது. அவ்விரலும் கண்ணும் பயிற்சி பெற்றது தறியின்முன் அமர்ந்த முன்னோரிடத்திலேயாம். சென்னிமலையில் இன்றும் கைத்தறியில் போர்வை நெய்யப்படுகிறது. பாவு, ஊடை, நாடா, விழுது, பண்ணை என்னும் சொற்கள் அங்கு வாழ்கின்றன. அத்தறி மரக்கலத்தைப் போன்றது. ஆலையின் எந்திரம் உல்லாசப் படகைப் போன்றது. இரண்டையும் அறிந்தவர் கையில் எந்திரம் ஏவல் கேட்கும். ஒன்றையும் அறியாதவர் எந்திரத்தின் ஏவலைக் கேட்க நேரும்.

ஆகவே, இரண்டனுள் சிறந்தது எது என்னும் வினாவிற்கு விடை யாது? வள்ளுவர் தேரையும் நாவாயையும் எடுத்துக்காட்டி, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்திலேயே வலியது என உணர்த்தினார். மீன்பிடிக்கச் செல்பவர்க்குப் பாதுகாப்பான படகு வேண்டும்; அது கண்ணாடியிழையாயினும் ஆகுக. இல்லத்தாரோடு கடலில் நாள் கழிக்க விரும்புவோர் வசதியான படகை நாடுவதிலும் பிழையில்லை. ஆனால், கடலைக் கற்க விரும்பும் இளைஞர் முதலில் ஏறவேண்டியது பாயும் துடுப்பும் மட்டுமுள்ள சிறு கலத்தில்தான். அங்கே காற்று முகத்தில் படும். தவறு உடனே தெரியும். கயிற்றின் இழுவை கையில் உணரப்படும். அதில் தேர்ந்தவர் பின்னர் எக்கலத்திலும் தலைவராக இருப்பார்.

இவ்வறிவைக் காப்பது அரசின் கடமை மட்டும் என்று எண்ணிவிடலாகாது. எஞ்சிய தோணியொன்றைக் காட்சிச்சாலையில் நிறுத்தினால் அதன் உருவம் காக்கப்படும். அதனைக் கட்டும் அறிவு காக்கப்படாது. ஓடாவியிடம் இளைஞர் சிலர் தொழில் பயில உதவிப்பணம் தருதல் வேண்டும். கடற்கரைப் பள்ளி மாணவர் தம் ஊரில் எஞ்சியுள்ள மரக்கலத்தை அளந்து, அதன் உறுப்புகளின் பெயரை முதியோரிடம் கேட்டு எழுதலாம். நொய்யற்கரை மாணவர் தம் பாட்டனார் அமர்ந்த தறியின் உறுப்புகளை அவ்வாறே வரைந்து பெயர் எழுதலாம். ஒரு சொல் மறைந்தால் அதனோடு ஒரு செயல்முறையும் மறைகிறது. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு சுவடியும் சில மாலைப்பொழுதுகளும் போதும்.

புதிய கலத்தில் ஏறுவோர் பழைய கலத்தை எரித்துவிட்டு ஏற வேண்டுவதில்லை. பெரெனிகேயின் கந்தல் துணி, தன்னை நூற்றவர் யார் என்று ஈராயிரம் ஆண்டுகள் கழித்தும் சான்று பகர்ந்தது. இன்று திருப்பூரிலிருந்து கடல் கடக்கும் ஆடையும், அதனைச் செய்தவர் தம் தொழிலை முழுதும் அறிந்தவர் என்று சான்று பகரவேண்டும். எந்திரத்தின் துணையை மகிழ்ந்து ஏற்று, கையின் அறிவை விடாது போற்றும் மக்களே, காற்று எத்திசையில் அடிப்பினும் தாம் கருதிய கரையை அடைவர்.